பிப் மதிப்பும் பைசா மதிப்பும்: கரன்சி டிரேடிங்கில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

என்ஐஎஸ்எம் (பங்குச் சந்தைத் துறையினருக்குத் தேர்வு நடத்தும் நிறுவனம்) கரன்சி தேர்வுக்குப் படிப்பவர்கள், திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதிக் கணக்கு பார்ப்பவர்கள், போனில் ஏதோ ஓர் ஆப்பை இறக்கிவிட்டு முழிப்பவர்கள் என்று மூன்று தரப்பும் என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: விலை இவ்வளவு நகர்ந்தால் கைக்கு எவ்வளவு வரும், கையை விட்டு எவ்வளவு போகும்? அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்கு எளிதாக வரவேண்டும் என்பதற்காகச் சில விலைகளை நானே வைத்துக்கொள்கிறேன். 1 டாலர் 85 ரூபாய், 1 டாலர் 150 யென், 1 டாலர் 0.80 சுவிஸ் ஃப்ராங்க், 1 யூரோ 1.10 டாலர், 1 பவுண்டு 1.30 டாலர். நீங்கள் போடும்போது அன்றைய ரேட்டை வைத்துப் போடுங்கள்.

பிப்னா என்ன சார்? சிலர் பாயின்ட்ங்கறாங்க, சிலர் டிக்ங்கறாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. பிப் என்பது சந்தையில் இருப்பவர்கள் பழக்கத்தில் வைத்துக்கொண்ட அளவு. பெரும்பாலான நாணய ஜோடிகளுக்கு (ஒன்றின் விலையை மற்றொன்றில் சொல்லும் இரண்டு நாணயங்கள்) அது நான்காவது தசம இடம், அதாவது 0.0001. யூரோ–டாலர் 1.1000-லிருந்து 1.1001 ஆனால் ஒரு பிப் ஏறியது.

டிக் என்பது எக்ஸ்சேஞ்ச் விதியாக வைத்த மிகச் சிறிய நகர்வு. அதற்குக் குறைவாக விலை போடவே முடியாது. என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸில் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) அது 0.0025 ரூபாய், அதாவது கால் பைசா. பாயின்ட் என்று ஆப்கள் காட்டுவது பெரும்பாலும் திரையில் தெரியும் கடைசி இலக்கம். ஒரே நகர்வை ஒருவர் 10 என்றும் இன்னொருவர் 100 என்றும் சொன்னால் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒருவர் பிப்பில் பேசுகிறார், மற்றவர் பாயின்ட்டில் பேசுகிறார்.

யென்னுக்கு மட்டும் ஏன் ரெண்டாவது தசமம்?

யென் விலை பெரிய எண்ணாக இருப்பதால்தான். டாலர் 150 யென் என்று போகும்போது நான்காவது தசமத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. 1.10-ல் 0.0001 என்பது ஏறத்தாழ 0.009 சதவீதம், 150-ல் 0.01 என்பது ஏறத்தாழ 0.007 சதவீதம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. பைசாவைப் போல யென்னுக்குக் கீழே இருந்த சென் காசுகள் 1953 கடைசியோடு புழக்கத்திலிருந்து போய்விட்டன. ஆனாலும் நாணயச் சந்தை விலையில் அந்த நூறில் ஒரு பங்கு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜோடியில எது முதல்ல வருது, எது ரெண்டாவது வருதுங்கறதுல அப்படி என்ன இருக்கு?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. முதலில் வருவது சரக்கு, இரண்டாவது வருவது அதற்குக் கொடுக்கும் பணம். ஈரோட்டில் மஞ்சள் வாங்கி விற்றால் லாபத்தை மஞ்சளாகவா எண்ணுவோம்? ரூபாயில்தானே எண்ணுவோம். யூரோ–டாலரில் யூரோ சரக்கு, டாலர் பணம். டாலர்–யென்னில் டாலர் சரக்கு, யென் பணம்.

லாபமோ நஷ்டமோ எப்போதும் இரண்டாவது நாணயத்தில்தான் பிறக்கும். உங்கள் கணக்கு எந்த நாணயத்தில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த மாற்றம் பிறகு நடப்பது. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு பத்தியை மறந்ததால் வருபவை.

சுத்தி வளைக்காம ஃபார்முலா ஒண்ணு சொல்லிடுங்க.

முதல் நாணயத்தின் அலகுகள் எத்தனையோ அந்த எண்ணிக்கையை விலை நகர்வால் பெருக்குங்கள். வருவது இரண்டாவது நாணயத்தில் உள்ள தொகை. உங்கள் கணக்கு வேறு நாணயத்தில் இருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

1,00,000 யூரோ வாங்கியிருக்கிறீர்கள், ஒரு பிப் நகர்ந்தது: 1,00,000 × 0.0001 = 10 டாலர். கணக்கு ரூபாயில் என்றால் 10 × 85 = 850 ரூபாய். 23 பிப் நகர்ந்தால் 230 டாலர். ஃபார்முலாவில் பிப் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். 1.1000-லிருந்து 1.1023 என்றால் வித்தியாசம் 0.0023. அதை நேராகப் பெருக்கினாலும் அதே 230 டாலர்தான். எந்த இலக்கம் பிப் என்று சந்தேகம் வந்தால் பிப்பை விட்டுவிட்டு விலை வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்ப ஒரு லாட்டுக்கு ஒரு பிப் 10 டாலர்னு மனப்பாடம் பண்ணிக்கலாமா?

வேண்டாம். அது இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தால் மட்டுமே சரி: இரண்டாவது நாணயம் டாலராக இருக்கவேண்டும், லாட் (ஒரே கட்டாக வாங்கி விற்கும் அளவு) 1,00,000 அலகாக இருக்கவேண்டும். யூரோ–டாலர், பவுண்டு–டாலர், ஆஸ்திரேலிய டாலர்–அமெரிக்க டாலர் ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

டாலர்–யென்னில் 1,00,000 × 0.01 = 1,000 யென், அதை 150-ஆல் வகுத்தால் 6.67 டாலர். டாலர்–ஃப்ராங்கில் 10 ஃப்ராங்க், 0.80-ஆல் வகுத்தால் 12.50 டாலர். யூரோ–பவுண்டில் 10 பவுண்டு, 1.30-ஆல் பெருக்கினால் 13 டாலர். மனப்பாடம் செய்தவர் யென்னில் லாபத்தை ஒன்றரை மடங்காக எதிர்பார்ப்பார், ஃப்ராங்கிலும் பவுண்டிலும் நஷ்டத்தைக் குறைத்து மதிப்பிடுவார். இரண்டாவது தவறுதான் பணத்தைக் கரைப்பது.

ஸ்டாண்டர்டு, மினி, மைக்ரோன்னு லாட்ல என்ன வித்தியாசம்?

1,00,000, 10,000, 1,000 அலகுகள். யூரோ–டாலரில் ஒரு பிப்புக்கு முறையே 10 டாலர், 1 டாலர், 10 சென்ட். என்எஸ்இயில் இந்தப் பெயர்கள் கிடையாது. அங்கே டாலர், யூரோ, பவுண்டு எல்லாவற்றுக்கும் ஒரு லாட் என்றால் 1,000 அலகு. வெளிநாட்டு வீடியோவில் ஒரு லாட் என்று கேட்டுவிட்டு இங்கே ஒரு லாட் போட்டால் நூறில் ஒரு பங்குதான் போட்டிருக்கிறீர்கள். அதுவாவது பரவாயில்லை. தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து.

என்எஸ்இல டாலர்–ரூபாய் ஒரு லாட் வாங்கிருக்கேன். ஒரு பைசா நகர்ந்தா எவ்வளவு?

10 ரூபாய். 1,000 டாலர் × 0.01 ரூபாய். குறைந்தபட்ச நகர்வான கால் பைசாவுக்கு 2.50 ரூபாய். என்எஸ்இயில் 2008 ஆகஸ்ட் 29 அன்று டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸ் தொடங்கியது முதலே லாட் 1,000 டாலர்தான்.

85.1200-ல் வாங்கி 85.1975-ல் விற்றீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 0.0775, அதாவது ஏழே முக்கால் பைசா. 1,000-ஆல் பெருக்கினால் 77.50 ரூபாய். கால் பைசாக்களாக எண்ணினால் 31 டிக், 31 × 2.50, அதே 77.50. நம் ஊரில் டாலர்–ரூபாய்க்காரர்கள் பிப் என்று பேசுவதே அரிது, பைசாவில்தான் பேசுவார்கள். அது நல்ல பழக்கம். பைசா என்றால் எவ்வளவு என்று யாருக்கும் சந்தேகம் வராது.

யென்–ரூபாய் லாட் 1 லட்சம் யென். ஒரு பைசாவுக்கு ஆயிரம் ரூபாய் வருதே மேடம்?

தேர்வில் அதிகம் பேர் விழும் இடம் இது. 1,00,000 × 0.01 = 1,000 என்று கை தானாகப் போட்டுவிடும். ஆனால் திரையில் தெரியும் விலை ஒரு யென்னுக்கு உரியது அல்ல, 100 யென்னுக்கு உரியது. ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேலே என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். சந்தை விலைகளிலிருந்து கணக்கிட்டுத் தினமும் வெளியாகும் ரெஃபரன்ஸ் ரேட்டிலும் யென் 100-க்குத்தான் கணக்கு.

ஆகவே லாட்டில் நூறு நூறாக 1,000 கட்டு யென் இருக்கிறது. 1,000 × 0.01 = 10 ரூபாய். டாலர், யூரோ, பவுண்டு, யென் என ரூபாயோடு சேரும் நான்கு ஃபியூச்சர்ஸிலும் ஒரு லாட்டுக்கு ஒரு பைசா 10 ரூபாய், ஒரு டிக் 2.50 ரூபாய். இதை மட்டும் தாராளமாக மனப்பாடம் செய்யலாம்.

என்எஸ்இலயே யூரோ–டாலர் இருக்காமே? அதுல லாபம் டாலர்லயா வரும்?

இருக்கிறது. யூரோ–டாலர், பவுண்டு–டாலர், டாலர்–யென் மூன்றையும் 2018 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். லாபம் டாலரில் பிறக்கும், ஆனால் உங்களுக்கு ரூபாயில்தான் வரும். மாற்றுவதற்கு ரெஃபரன்ஸ் ரேட்டைப் பயன்படுத்துவார்கள். ரிசர்வ் வங்கி கணக்கிட்டு வந்த அந்த ரேட்டை 2018 ஜூலை முதல் எஃப்பிஐஎல் நிறுவனம் வெளியிடுகிறது.

ஒரு லாட் 1,000 யூரோ, டிக் 0.0001. 10 சென்ட், 85 வைத்தால் 8.50 ரூபாய். டாலர்–யென்னில் 1,000 × 0.01 = 10 யென். 100 யென் 56.67 ரூபாய் என்றால் 5.67 ரூபாய். ரூபாய் ஜோடிகளின் 10 ரூபாய்க் கணக்கு இங்கே செல்லாது. டாலர் ரேட் மாறினால் இந்த 8.50-உம் மாறும். யூரோ–டாலர் அசையாமல் நின்றாலும் ரூபாய் சரிந்தால் உங்கள் பிப்பின் ரூபாய் மதிப்பு ஏறிவிடும்.

ஆப்ல 1.10253ன்னு அஞ்சு இலக்கம் காட்டுது. இதுல பிப் எது?

5 தான் பிப். கடைசி 3 பத்தில் ஒரு பங்கு பிப். யென் ஜோடியில் 150.274 என்றால் 7 பிப், 4 பத்தில் ஒரு பங்கு. ஸ்டாப் லாஸ் (நஷ்டம் இந்த விலையோடு போதும் என்று தானாக வெளியேற வைக்கும் ஆர்டர்) கேட்கும் கட்டத்தில் 30 என்று போடுகிறீர்கள், அந்த ஆப் அதைப் பாயின்ட்டாக எடுத்துக்கொண்டால் உங்கள் ஸ்டாப் 30 பிப் தள்ளி நிற்காது, வெறும் 3 பிப்பில் நிற்கும். போட்டதும் அடிபட்டுவிடும். ஆர்டர் போட்ட பிறகு திரையில் ஸ்டாப் எந்த விலையில் நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்தக் கூடுதல் இலக்கத்தில் பெரிய வங்கிகளுக்குள்ளேயே தகராறு உண்டு. வங்கிகள் தங்களுக்குள் வணிகம் செய்யும் இபிஎஸ் தளம் 2011-ல் பத்தில் ஒரு பங்கு பிப்புக்குப் போனது. இயந்திரங்கள் நூலிழை வித்தியாசத்தில் முந்திக்கொண்டு நிற்க, மனிதர்கள் முணுமுணுத்தார்கள். 2012-ல் அரை பிப்புக்குத் திரும்பியது.

பெருக்கணுமா, வகுக்கணுமா? எனக்கு எப்பவும் இதுல குழப்பம்.

ரேட்டை வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லுங்கள். "1 டாலர் 150 யென்." கையில் 1,000 யென் இருக்கிறது, டாலர் வேண்டும். 150 யென்னுக்கு ஒரு டாலர் என்றால் 1,000-க்கு ஆறேமுக்கால் டாலருக்குள் வரும், எனவே வகுக்கவேண்டும். "1 பவுண்டு 1.30 டாலர்." கையில் 10 பவுண்டு இருக்கிறது, பவுண்டு பெரிது, டாலர் எண்ணிக்கை கூடவேண்டும், எனவே பெருக்கவேண்டும்.

டாலரே இல்லாத ஜோடியிலும் இதே வழிதான். ஆஸ்திரேலிய டாலர்–நியூசிலாந்து டாலரில் ஒரு ஸ்டாண்டர்டு லாட்டுக்கு ஒரு பிப் 10 நியூசிலாந்து டாலர். அது 0.60 அமெரிக்க டாலர் என்றால் 6 டாலர். முதலில் உள்ள ஆஸ்திரேலிய டாலரின் ரேட் இந்த மாற்றத்தில் எங்கேயும் நுழைவதில்லை. அதைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள்.

மாத்துறது எந்த ரேட்ல? நான் உள்ள போன ரேட்டா, வெளிய வந்த ரேட்டா?

வெளியே வரும் நேரத்து ரேட். லாபம் அப்போதுதானே உறுதியாகிறது. இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 150.00-ல் ஒரு ஸ்டாண்டர்டு லாட் டாலர்–யென் வாங்குகிறீர்கள். 151.00 ஆனால் 100 பிப், 1,00,000 யென் லாபம். அதை 151-ஆல் வகுத்தால் 662.25 டாலர். மாறாக 149.00-க்கு இறங்கினால் அதே 100 பிப், அதே 1,00,000 யென் நஷ்டம். ஆனால் 149-ஆல் வகுத்தால் 671.14 டாலர்.

ஏறினாலும் இறங்கினாலும் 100 பிப்தான், நஷ்டம் மட்டும் 9 டாலர் கூடுதல். நீங்கள் நஷ்டப்படும் அந்த நேரத்தில் யென் வலுத்திருக்கிறது, வலுத்த யென்னில் அந்த நஷ்டத்தை அடைக்க டாலர் அதிகம் தேவைப்படுகிறது. 100 பிப்புக்கு இது சில்லறை. ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கும் பெரிய நகர்வுகளுக்கும் இது சில்லறை இல்லை. முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்கி முடிப்பவருக்கு இதே விஷயம் சாதகமாகத் திரும்பும்.

லெவரேஜ் கூட்டினா பிப் மதிப்பும் கூடுமா அண்ணா?

கூடாது. லெவரேஜ் என்பது கொஞ்சம் பணம் கட்டிப் பெரிய தொகைக்கு வணிகம் செய்வது. 1,00,000 யூரோவுக்கு ஒரு பிப் 10 டாலர்தான், நீங்கள் 1,000 டாலர் கட்டி வாங்கினாலும் 1,10,000 டாலர் முழுதாகக் கட்டி வாங்கினாலும். மார்ஜின், அதாவது முன்பணமாகக் கட்டும் தொகை, குறைந்தால் அதே பணத்தில் அதிக அலகுகள் வாங்க முடிகிறது. அலகு கூடுவதால்தான் பிப் மதிப்பு கூடுகிறது.

இப்படிப் பாருங்கள். 1,000 டாலர் கட்டியவருக்கு 100 பிப் எதிராகப் போனால் கட்டியது அத்தனையும் காலி. விலை நகர்ந்தது ஒரு சதவீதம்கூட இல்லை. முழுதாகக் கட்டியவருக்கும் போவது அதே 1,000 டாலர்தான், அவர் அன்று நன்றாகத் தூங்குவார்.

3,000 ரூபாய் நஷ்டம் தாங்கலாம், ஸ்டாப் 30 பைசா தள்ளி இருக்கு. எத்தனை லாட் போடலாம்?

30 பைசா × 10 ரூபாய் = ஒரு லாட்டுக்கு 300 ரூபாய். 3,000-ஐ 300-ஆல் வகுத்தால் 10 லாட். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் 20 லாட் என்று தீர்மானித்துவிட்டு, பிறகு 3,000-க்குள் அடங்கும்படி ஸ்டாப்பை 15 பைசாவுக்கு இழுத்து வைப்பார்கள். டாலர்–ரூபாய் சாதாரண நாளிலேயே 15 பைசா அங்கும் இங்கும் ஆடும். ஸ்டாப்பை எங்கே வைப்பது என்பதைச் சந்தையின் ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், லாட்டை உங்கள் பணம் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. ஸ்டாப் போட்ட விலையிலேயே வெளியே வருவீர்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2011 செப்டம்பரிலிருந்து சுவிஸ் மத்திய வங்கி, யூரோ 1.20 ஃப்ராங்குக்குக் கீழே போகாமல் பிடித்து வைத்திருந்தது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பில்லாமல் கையை விட்டது. சில நிமிடங்களில் யூரோ 1.00 ஃப்ராங்குக்கும் கீழே இறங்கியது. 1.20-லிருந்து 1.00 வரை என்று மட்டும் எடுத்தாலும் 2,000 பிப், ஒரு ஸ்டாண்டர்டு லாட்டுக்கு 20,000 ஃப்ராங்க். 1.1950-ல் ஸ்டாப் போட்டு 50 பிப், 500 ஃப்ராங்க் என்று கணக்கு வைத்திருந்தவர்களின் ஆர்டர்கள் எங்கெங்கோ நிறைவேறின. எஃப்எக்ஸ்சிஎம் என்ற பெரிய புரோக்கரின் வாடிக்கையாளர்கள் கட்டிய பணத்துக்கும் மேலே ஏறத்தாழ 22.5 கோடி டாலர் கடன்பட்டு நின்றார்கள். அல்பாரி நிறுவனத்தின் பிரிட்டன் கிளை திவாலானது.

புரோக்கரேஜ் போக எத்தனை பைசா நகர்ந்தா நமக்கு மிச்சம்?

செலவையும் பைசாவாக மாற்றிப் பாருங்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் புரோக்கர் என்று வைத்துக்கொள்வோம். வாங்க 20, விற்க 20, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 7.20, ஆக 47.20 ரூபாய். ஒரு லாட் மட்டும் போட்டால் பைசாவுக்கு 10 ரூபாய் வீதம் 4.72 பைசா போனால்தான் அசல் தேறும். அதே ஆர்டரில் 20 லாட் போட்டால் கால் பைசாவுக்குள் அடங்கிவிடும். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் முத்திரை வரியும் இதற்கு மேல் கொஞ்சம் வரும். பங்குகளுக்கு உள்ள எஸ்டிடி (வாங்கி விற்பதன் மீதான) வரி கரன்சி ஃபியூச்சர்ஸுக்குக் கிடையாது.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே உள்ள இடைவெளி தனிச் செலவு. கட்டணமே இல்லை என்று விளம்பரம் செய்பவர்கள் அந்த இடைவெளியில்தான் எடுக்கிறார்கள்.

எனக்குத் தெரிஞ்சவர் "100 பிப் எடுத்தேன்"னு பெருமையா சொல்றார். அது பெரிய விஷயமா?

எந்த ஜோடியில், எத்தனை அலகு என்று கேளுங்கள். பவுண்டு–யென் 195 என்றால் 100 பிப் என்பது ஒரு யென், அரை சதவீதம். யூரோ–பவுண்டு 0.8460-ல் 100 பிப் என்பது ஏறத்தாழ 1.2 சதவீதம். முதலாவது ஒரே நாளில் வந்து போகும், இரண்டாவதற்குப் பல நேரம் வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். இரண்டையும் 100 பிப் என்று ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர் மைக்ரோ லாட்டில் யூரோ–டாலர் எடுத்திருந்தால் கையில் வந்தது 10 டாலர்.

தங்கத்துக்கு பிப் எவ்வளவு?

தங்கத்தில் பிப்பைப் பற்றிப் பேசாதீர்கள். ஒருவர் 0.01 டாலர் என்பார், இன்னொருவர் 0.10 என்பார். ஒரு லாட் 100 அவுன்ஸ் என்றால் விலை ஒரு டாலர் நகர்ந்தால் 100 டாலர். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிகாகோ சந்தையில யூரோவுக்கும் யென்னுக்கும் டிக் 6.25 டாலர்ங்கறாங்க. யென்னுக்கு எப்படி டாலர்ல வருது? நீங்க யென்ல பிறக்கும்னு சொன்னீங்களே?

நல்ல கேள்வி. சிகாகோ சந்தையான சிஎம்இயின் யூரோ ஃபியூச்சர்ஸ் 1,25,000 யூரோ, டிக் 0.00005. பெருக்கினால் 6.25 டாலர். அங்கே யென்னைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்: ஒரு டாலருக்கு எத்தனை யென் என்று விலை போடாமல் ஒரு யென்னுக்கு எத்தனை டாலர் என்று போடுகிறார்கள். சரக்கு யென், பணம் டாலர். லாட் 1,25,00,000 யென், டிக் 0.0000005. பெருக்கினால் அதே 6.25. விதி மாறவில்லை, இரண்டாவது இடத்தில் இருக்கும் நாணயம்தான் மாறியிருக்கிறது. டாலர்–யென் ஏறினால் இந்த ஃபியூச்சர்ஸ் இறங்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆப்ஷன் வாங்கினா, டாலர் ஒரு பைசா ஏறினா பத்து ரூபாய் வருமா?

ஆப்ஷன் என்பது குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை, அந்த உரிமையின் விலைதான் பிரீமியம். பிரீமியம் ஒரு பைசா ஏறினால்தான் 10 ரூபாய். டாலர் ஒரு பைசா ஏறினால் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்பதை டெல்டா சொல்லும். டெல்டா 0.50 உள்ள கால் ஆப்ஷனில் (வாங்கும் உரிமை) டாலர் 10 பைசா ஏறினால் பிரீமியம் சுமார் 5 பைசா, லாட்டுக்கு 50 ரூபாய். டாலர் மேலே போகப் போக டெல்டா 1-ஐ நோக்கி வளரும், கீழே வந்தால் சுருங்கும். நாள் கழியக் கழிய பிரீமியம் தானாகவும் கரையும். ஆகவே ஆப்ஷனில் பைசா மதிப்பு நிலையான எண் அல்ல, அந்த நேரத்து மதிப்பீடுதான்.

எங்க கம்பெனிக்கு 40,000 டாலர் பில் மூணு மாசத்துல வரணும். எங்களுக்கு இந்தக் கணக்கு எதுக்கு?

உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். 40,000 டாலருக்கு ஒரு பைசா 400 ரூபாய். டாலர் ஒரு ரூபாய் சரிந்தால் 40,000 ரூபாய் போயிற்று. பனியன் ஆர்டரில் பீஸுக்கு இரண்டு மூன்று ரூபாய் மிச்சம் பார்ப்பவர்களுக்கு அது சிறிய தொகையா?

என்எஸ்இயில் 40 லாட் விற்று வைத்தால் ஒரு பைசாவுக்கு அதே 400 ரூபாய் எதிர்த் திசையில் வரும். டாலர் 50 பைசா இறங்கினால் பில்லில் 20,000 நஷ்டம், ஃபியூச்சர்ஸில் 20,000 லாபம். டாலர் ஏறினால் தலைகீழ், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தை அன்றன்றைக்குக் கட்டவேண்டும், பில் லாபம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அந்த ரொக்கத்தைக் கையில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அத்தோடு கான்ட்ராக்ட் முடிவது மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு. பில் அந்தத் தேதியில் வராது.

பைசா கசியும் இன்னோர் இடம் வங்கி. கார்டு ரேட்டில் (வங்கி அன்றைக்குத் தானே வைத்த ரேட்டில்) மாற்றினால் சந்தை விலையிலிருந்து எத்தனை பைசா கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். 20 பைசா என்றால் இந்த ஒரு பில்லில் 8,000 ரூபாய். சிசிஐஎல் நிறுவனம் 2019 ஆகஸ்டில் தொடங்கிய எஃப்எக்ஸ்–ரீட்டெயில் தளத்தில் சந்தை விலையும் வங்கியின் கட்டணமும் தனித்தனியாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வங்கி மேனேஜரிடம் பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வெளிநாட்டு ஆப்ல ஒரு பிப் 10 டாலர், இங்க 10 ரூபாய். அங்கயே பண்ணிடலாமே?

10 டாலர் வருவது அங்கே லாட் நூறு மடங்கு பெரிது என்பதால், ஆப் தாராளமானது என்பதால் அல்ல. நஷ்டமும் அதே 10 டாலர் வீதம்தான் போகும்.

இந்தியாவில் குடியிருப்பவர் அனுமதி பெற்ற எக்ஸ்சேஞ்சுகளிலும் அனுமதி பெற்ற வங்கிகள், தளங்கள் வழியாகவும் மட்டுமே நாணய வணிகம் செய்யலாம். மீறினால் 1999-ஆம் ஆண்டு ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி நடவடிக்கை வரும். அனுமதியில்லாத தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு, அவ்வப்போது பெயர்களைச் சேர்த்து வருகிறது. ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்பதால் அது அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது. உள்ளூர் எக்ஸ்சேஞ்சிலும் 2024 மே 3 முதல் ஒன்று கண்டிப்பாகிவிட்டது. ரூபாய் ஜோடிகளில் இறங்க உங்களுக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்கவேண்டும். 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்டச் சொல்லமாட்டார்கள், ஆனால் அந்த வரவு செலவு இல்லாமல் இருக்கக் கூடாது.

எக்செல்ல போட்டு வெச்சுக்கலாமா? என்னென்ன கட்டம் வேணும்?

ஐந்து போதும்: லாட் எண்ணிக்கை, ஒரு லாட்டில் எத்தனை அலகு, விலை எத்தனை அலகுக்கு உரியது, விலை வித்தியாசம், மாற்று ரேட். முதல் இரண்டையும் பெருக்கி, மூன்றாவதால் வகுத்து, நான்காவதால் பெருக்கினால் இரண்டாவது நாணயத்தில் தொகை வரும். கடைசிக் கட்டத்தில் எப்போதும் "இரண்டாவது நாணயம் ஒன்றுக்கு எத்தனை ரூபாய்" என்று மட்டும் போடுங்கள். அப்போது பெருக்குவதா வகுப்பதா என்ற கேள்வியே எழாது. ரூபாய் ஜோடிகளுக்கு அதில் 1 போடவேண்டும்.

மூன்றாவது கட்டத்தில் யென்–ரூபாய்க்கு 100, மற்ற எல்லாவற்றுக்கும் 1. போட்டு முடித்ததும் யென்–ரூபாய் ஒரு லாட், 0.01 நகர்வு என்று கொடுத்துப் பாருங்கள். 10 வந்தால் ஷீட் சரி. 1,000 வந்தால் மூன்றாவது கட்டம் ஃபார்முலாவில் சேரவில்லை.